விற்றமின்தானே!

“விற்றமின்தானே, மருந்தா என்ன? உடம்புக்கு வேண்டியதை உடம்பு எடுக்கும், மிச்சம் சிறுநீரோடு போய்விடும்.” கண்டியில் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு வாரம் கழிவது கஷ்டம். டி. எஸ். சேனாநாயக்க வீதியில் ஃபார்மசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் தம்பி சொல்கிறான். கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய போத்தலைத் திறந்தபடி கட்டுகஸ்தோட்டை அக்கா சொல்கிறார். வாவியைச் சுற்றிக் காலை நடை போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு விஞ்ஞான உண்மையை உரைக்கும் தொனியில் சொல்கிறார்.

இது பிழை. இதோடு ஒட்டிக்கொண்டு வருகிற இன்னொன்று அதைவிடப் பிழை: சத்துக்குளிசை விஷயத்தில் யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை, கேட்பதென்றாலும் விற்கிறவரிடம் கேட்டால் போதும் என்பது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் வைத்துவிடுகிறேன். சத்துக் குறைபாடு கற்பனை அல்ல. 2022-க்குப் பிறகு முட்டையும் மீனும் பால்மாவும் விற்ற விலையில், எத்தனையோ வீட்டுத் தட்டுகளில் சோறும் பருப்பும்தான் மிஞ்சின. ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்தவருக்கு டொக்டர் முன்னால் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பிரஷரும் சீனியும் பேசவே நேரம் போதாத இடத்தில் விற்றமினைப் பற்றி யார் வாய் திறப்பார்? போத்தலில் ஆங்கிலம், டொக்டரின் வாயில் சிங்களம், நோயாளியின் நாக்கில் தமிழ் என்றால் அந்த நிமிடங்களும் பாதியாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேல், அரசாங்கமே சத்துக் கொடுக்கிறது. 1973 முதல் திரிபோஷா என்ற சத்துமாவைக் கொடுக்கிறது. 1995 முதல் உப்பில் அயடீன் சேர்க்கச் சட்டம் போட்டிருக்கிறது. அரசாங்கம் உப்பில் கலந்து ஊருக்கெல்லாம் கொடுப்பதை நான் போத்தலில் வாங்கிச் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவரை முட்டாள் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அந்த உப்பையே பாருங்கள். எவ்வளவு அயடீன், எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்குப் பார்த்து, அளவைச் சட்டத்தில் எழுதி, பிறகு சோதித்தும் பார்க்கிறார்கள். போத்தல்காரர் அந்தக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்.

1. சிறுநீரோடு போய்விடுமா?

எது போகும்? விற்றமின் சி-யும் பி வகைகளும் நீரில் கரைபவை. மிச்சத்தில் பெரும்பகுதி வெளியே போகும் என்பது அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரைபவை. ஈரலிலும் கொழுப்பிலும் தங்கும், சேரும். ரெட்டினோல் வடிவிலான விற்றமின் ஏ-க்கு வளர்ந்தவரின் நாள் உச்சவரம்பு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அதைத் தாண்டுவது கருவின் உறுப்பு வளர்ச்சியையே பாதிக்கக்கூடும். இப்போது ஒரு சாதாரண வீட்டு அலமாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு மல்டிவிற்றமின், ஒரு மீனெண்ணெய்க் குளிசை, ‘கண்ணுக்கு’ என்று ஒன்று, ‘தோலுக்கு’ என்று இன்னொன்று. நான்கிலும் விற்றமின் ஏ இருக்கலாம். ஒன்றில் மைக்ரோகிராமிலும் மற்றதில் யூனிட்டிலும் எழுதியிருக்கும். நான்கு லேபலையும் வரிசையாக வைத்து, ஒரே அலகுக்கு மாற்றி, கூட்டிப் பார்த்தவர்கள் கண்டியில் எத்தனை பேர்?

விற்றமின் டி இன்னும் சிக்கல். பொதுவான நாள் உச்சவரம்பு 4,000 யூனிட். குறைபாட்டுக்கு வைத்தியர் எழுதும் குளிசையில் சில 50,000 யூனிட் கொண்டவை. அவற்றை வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்று எழுதுவார்கள். ‘வாரத்துக்கு’ என்ற சொல் வீட்டில் தொலைந்து ‘தினமும்’ ஆகிவிட்டால், இரத்தத்தில் கல்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், தடுமாற்றம், கடைசியில் சிறுநீரகம். களைப்பாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒன்று போடுகிறவருக்கு, அந்தக் களைப்பே குளிசையிலிருந்து வரக்கூடும் என்று யார் சொல்வது?

நீரில் கரைவதெல்லாம் நிரபராதி என்பதும் இல்லை. பி6-ஐப் பாருங்கள். கைகால் விறைப்புக்கும் எரிவுக்கும் என்று விற்கப்படும் சில குளிசைகளில், ஒன்றிலேயே 100 அல்லது 200 மில்லிகிராம் பி6 இருக்கிறது. அமெரிக்க உச்சவரம்பு 100. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023-இல் அதை 12 ஆகவே குறைத்தது. காரணம், அதிக அளவு பி6-ஐ நீண்டகாலம் எடுத்தால் நரம்பு சேதமாகும். கைகால் விறைக்கும், எரியும். எதற்காக வாங்கினாரோ அதுவே வந்து சேரும். உடனே அவர் இன்னும் ஒன்று கூட்டிப் போடுவார்.

2. கூட எடுத்தால் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்லத் தேவையில்லை. பெரிய பரிசோதனைகள் நடந்து முடிந்துவிட்டன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் பீட்டா கரோட்டினும் விற்றமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வை 1996 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தினார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியிருந்தன. புரொஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 35,533 ஆண்களை வைத்து விற்றமின் ஈ-யைச் சோதித்தார்கள். 2011-இல் வந்த முடிவில் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

கரட்டில் இருந்தபோது நல்லதாக இருந்த பொருள்தான் பீட்டா கரோட்டின். அளவும் ஆளும் மாறியதும் விளைவும் மாறிவிட்டது. நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாக ‘அன்டிஒக்சிடன்ட்’ குளிசை போடும் மனிதரை எல்லோருக்கும் தெரியும். பின்லாந்தில் சோதித்தது அவரைப் போன்ற ஆளைத்தான்.

எலும்புக்கென்று கல்சியமும் டி-யும்? குறைபாடு இருப்பவருக்கு, எலும்பு தேய்ந்தவருக்கு அது வைத்தியம். ஆனால் சாதாரண ஆரோக்கியத்தில் இருந்த 25,871 பேருக்கு நாளுக்கு 2,000 யூனிட் டி கொடுத்துப் பார்த்தபோது எலும்பு முறிவு குறையவில்லை. 2022-இல் வந்த முடிவு. 36,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குக் கல்சியத்தையும் டி-யையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது.

3. ஒன்றோடொன்று என்ன செய்துவிடும்?

நிறையச் செய்யும். நம் ஊரில் கவனிக்கப்படாமல் நடக்கும் கெடுதி இங்கேதான் அதிகம்.

முதலில் தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் உட்கார்ந்துகொண்டு, இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறோம். தேயிலையிலுள்ள பொலிஃபீனோல்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்சுவது குறையும். கல்சியமும் இரும்பை மறிக்கும். காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, மேலே பால் தேத்தண்ணி குடித்துவிட்டு, “மூன்று மாதமாகப் போடுகிறேன், இரத்தம் ஏறவில்லை” என்று முறையிடுகிறவரின் காசும் காலமும் இப்படித்தான் போகிறது. தைரொயிட் குளிசை எடுப்பவருக்கு இன்னும் மோசம். இரும்போ கல்சியமோ அதோடு சேர்ந்தால் தைரொயிட் மருந்தே சரியாக உள்ளே போகாது. நாலு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். அதைச் சொல்லாமல் ஒரு கல்சியப் போத்தலை நீட்டுவது, அவருடைய கிளினிக் வைத்தியரின் கணக்கைக் குழப்புவது.

வோஃபரின் எடுக்கும் இதய நோயாளியின் மல்டிவிற்றமினில் விற்றமின் கே இருந்தால் மருந்தின் வேலை குறையும். கொவிட் காலத்தில் ஆரம்பித்த 50 மில்லிகிராம் நாகக் குளிசையை இன்னும் விடாமல் போடுகிறவருக்கு உடம்பில் செம்பு குறையும். அதிலிருந்து இரத்தச்சோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். நாகத்துக்கு உச்சவரம்பு 40. நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெட்ஃபோமின் எடுப்பவருக்கு பி12 குறையலாம். அவர் தானாக ஃபோலிக் அசிட் மட்டும் போட்டுக்கொண்டால் இரத்தப் பரிசோதனை அழகாகத் தெரியும், உள்ளே நரம்பு போய்க்கொண்டிருக்கும்.

தலசீமியாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் பீட்டா தலசீமியாவின் காவிகள். நோயாளிகள் அல்ல, ஆனால் அவர்களுடைய சிவப்பணு சிறியது, ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு. ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைபாடு போலவே தோன்றும். கவுண்டரில் ரிப்போர்ட்டைக் காட்டி இரும்பு வாங்கினால், தேவையில்லாத இரும்பை வருடக்கணக்கில் போடலாம். ஃபெரிட்டின் பார்த்துப் பிரித்தறிவது கவுண்டரின் வேலை இல்லை.

இரும்பு என்றதும் இன்னொன்று. கிளினிக்கில் கொடுக்கும் சாதாரண இரும்புக் குளிசை ஒன்றில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் இரும்பு. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை பத்துக் குளிசையை இனிப்பென்று விழுங்கினால் அது உயிராபத்து. தோடம்பழ நிறத்தில் மெல்லும் விற்றமின் சி-யை “நல்லது, சாப்பிடு” என்று பிள்ளை கையில் கொடுத்துப் பழக்கிய வீட்டில், எல்லாக் குளிசையும் இனிப்புத்தான்.

4. இது இயற்கையானது, மூலிகை

2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் காய்ச்சிய ‘கொவிட் பாணி’ என்ற மூலிகைப் பாகுக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி ஊடகங்களின் முன் அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொவிட். இந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்க மனமில்லை.

5. நான் இரத்தம் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன்

பாராட்ட வேண்டிய ஆள் போலத் தெரிகிறார். ஆனால் யார் சொல்லிச் சோதித்தார்? ‘ஃபுல் பொடி செக்கப்’ பக்கேஜில் விற்றமின் டி-யும் சேர்ந்திருந்தது, கொஞ்சம் குறைவு என்று சிவப்பில் அச்சாகி வந்தது, அவ்வளவுதான். ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக டி அளவு பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கம் 2024-இல் வழிகாட்டி வெளியிட்டது. காரணமில்லாமல் செய்யும் பரிசோதனை, காரணமில்லாத குளிசைக்கு வாசல் திறக்கிறது.

போதாததற்கு, குளிசையே பரிசோதனையைக் கெடுக்கும். முடி கொட்டுகிறது என்று நம் பெண்கள் போடும் பயோட்டின் குளிசைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் சாதாரணம். நாளுக்கு வேண்டியது 30 அளவில்தான். அந்த மிதமிஞ்சிய பயோட்டின் சில ஆய்வுகூட முறைகளில் தைரொயிட் முடிவைப் பிழையாகக் காட்டும். மாரடைப்பை உறுதிசெய்யும் ட்ரொபோனின் அளவையும் குறைத்துக் காட்டும். அப்படி ஒரு மரணம் பதிவானதையும் சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர் முடிக்குளிசையைப் பற்றி வாய் திறப்பாரா? “என்ன மருந்து எடுக்கிறீர்கள்?” என்றால் “ஒன்றும் இல்லை” என்பார். அது மருந்தில்லையே, விற்றமின்தானே!

6. வெளிநாட்டுப் போத்தல், சுத்தமாக இருக்கும்

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சத்துக்குளிசை சந்தைக்கு வருமுன் அது பலன் தரும் என்றோ பாதுகாப்பானது என்றோ அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. 2008-இல் அங்கே ஒரு திரவச் சத்துமருந்தில் செலெனியம் லேபலில் எழுதியிருந்ததைவிட இருநூறு மடங்கு இருந்தது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள்; முடி கொட்டியது, நகம் பெயர்ந்தது. போத்தலின் மேல் ஆங்கிலம் நன்றாகத்தான் அச்சாகியிருந்தது.

இங்கே 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையை உண்டாக்கியது. மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கும் பொருள்களையும் எல்லைக்கோட்டு உற்பத்திகள் என்று அது தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. “அந்தச் சபையை நம்பவா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2021-இல் அதன் கணினித் தரவுகளே அழிந்துபோயின. தரமற்ற இமியூனோகுளோபியூலின் கொள்வனவு தொடர்பில், கண்டி மாவட்டத்திலிருந்து போய்ச் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். காவலில் ஓட்டை இருப்பது உண்மை. ஆனால் பயணப்பெட்டிக்குள் வந்த போத்தலை அந்த ஓட்டைக் காவல்கூடப் பார்த்ததில்லை.

பிறகு யாரைக் கேட்பது?

கண்டிக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கக்கூடாது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, பேராதனை மருத்துவ பீடத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே வாழ்நாளெல்லாம் வாதாடியது இதைத்தான்: மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர் மருந்தை விற்பவராக இருக்கக்கூடாது. 1971-இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். நாடு இறக்குமதி செய்த சுமார் 2,100 மருந்துகளின் பட்டியல் 600 அளவுக்குச் சுருங்கியது. தேவையற்றதை நீக்குவதும் வைத்தியம் என்று அரசாங்கத்தையே ஒப்புக்கொள்ள வைத்த ஆள். அவர் பாடம் நடத்திய ஊரில், அரைப் படிப்பு முடித்த விற்பனைப் பையனின் பேச்சைக் கேட்டும், சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரியின் பேச்சைக் கேட்டும் போத்தல் வாங்குகிறோம். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அடுத்த படிக்கு ஏற அவளுக்கு உங்கள் களைப்பு தேவைப்படுகிறது.

நம்பக்கூடிய ஆலோசகரை அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. பதில் சொல்லுமுன் அவர் கேள்வி கேட்பார். வேறென்ன மருந்து, சிறுநீரகம் எப்படி, கர்ப்பமா, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். எத்தனை நாளைக்கு என்று சொல்வார். நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரு சதமும் கூடாது, குறையாது. வேண்டாம் என்றும் சொல்லக்கூடியவர். இந்த உரைகல்லில் உரைத்தால், கவுண்டர், உறவினர், வீடியோ டொக்டர் எல்லாம் உதிர்ந்துவிடும்.

மிஞ்சுவது யார்? எனக்கு முதலில் தெரிவது, பலர் மதிக்காத ஒருவர்: குடும்பநல உத்தியோகத்தர், நம் வாயில் மிட்வைஃப். கர்ப்பிணித் தாய்க்கு இரும்பையும் ஃபோலிக் அசிட்டையும் கல்சியத்தையும் இலவசமாகக் கொடுத்து, “இரண்டையும் ஒரே வேளையில் போடாதே, தேத்தண்ணியோடு போடாதே” என்று சொல்லும் அந்தப் பெண், இந்தக் கட்டுரையின் மூன்றாவது மறுப்பை எனக்கு முன்பே கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டார். அடுத்தது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. நீண்டகால நோயாளிக்கு அவருடைய சொந்தக் கிளினிக் வைத்தியர். பிறகு பதிவுபெற்ற மருந்தாளர். கவுண்டரில் நிற்கும் எல்லோரும் மருந்தாளர் அல்ல. ஃபார்மசி பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது சட்டம். “மருந்தாளர் இருக்கிறாரா?” என்று கேட்பது உங்கள் உரிமை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே மருந்தாளர்களைப் பட்டதாரிகளாக்கி அனுப்புகிறார்கள். அவர்களை ஒரு கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. பிள்ளை விழுங்கிவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலையத்திடம் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் தாவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “எல்லாம் முருங்கைக்கீரையிலும் வல்லாரையிலும் கிடைக்கும், குளிசையே மோசடி” என்பதும் அதே சோம்பலின் மறுபக்கம். கருத்தரிக்குமுன் எடுக்கும் ஃபோலிக் அசிட் எதைத் தடுக்கும் என்று 1991-இலேயே நிரூபித்தாயிற்று. நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாரில், அது மீண்டும் வரும் வாய்ப்பை 72 சதவீதம் குறைத்தது. முட்டையும் பாலும் தொடாத சுத்த சைவருக்கு எந்தக் கீரையும் பி12 தராது. அவரிடம் போய் இயற்கை உணவைப் பற்றிப் பேசுவது கொடுமை.

ஆகவே என் கோரிக்கை வாசகரைவிட மத்திய மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்குத்தான். கிளினிக் கொப்பியில் மருந்துகளுக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: ‘வேறு சத்துக்குளிசை, பெயர், அளவு, எப்போதிருந்து’. மூன்று மொழியிலும் போடுங்கள். ‘மருந்து எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்பவர், ‘போத்தல் ஏதும் இருக்கிறதா’ என்று கேட்டால் பையைத் திறப்பார். டொக்டருக்கு நேரமில்லை என்றால் மிஸ்ஸி எழுதட்டும். மிஸ்ஸிக்கும் நேரமில்லை என்றால், மருந்து கொடுக்கும் ஜன்னலில் மருந்தாளர் கேட்டு எழுதட்டும். செலவு அச்சுக்கூடத்தில் ஒரு கோடு. நாம் செய்ய வேண்டியது, அடுத்த கிளினிக் நாளில் வீட்டிலுள்ள எல்லாப் போத்தலையும், கனடாப் போத்தலையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போவது.